தச்சுப் பட்டறை கண்ட மருத்துவர்

சங்கப் புலவர்கள் பாடிய மலைகளுள் கொல்லிமலைக்குத் தனியிடம் உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரியின் கையால் ஓரி வீழ்ந்தபின் சேரர்க்கு உரியதாயிற்று. காண்பாரை மயக்கும் பாவை ஒன்று அங்கு நின்றதென்று தொன்மம் கூறும். மனிதன் கை செய்ததோ தெய்வம் வகுத்ததோ என்று அறிய ஒண்ணாத அந்தப் பாவையின் மலையில், 1914-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்த ஓர் ஆங்கிலக் குழந்தை வளர்ந்தது. பால் வில்சன் பிராண்ட் என்பது அக்குழந்தையின் பெயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவர் என்று பிற்காலத்தில் உலகம் அவரைக் கொண்டாடியது. அந்தப் புகழ் தகுதியானதே. ஆயினும் அவருடைய கத்தியைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவருடைய உளியைப் பற்றி எழுதப்படவில்லை. வேலூரில் நோயாளிகளுக்காக அவர் அமைத்த தச்சுப் பட்டறையும், அங்கே செய்யப்பட்ட மரப்பொம்மைகளும், அப்பட்டறை அவருக்கே கற்பித்த பாடமும் அவர் வாழ்வின் நடுவில் வைத்து நோக்கத்தக்கவை.

தந்தையார் ஜெசி பிராண்ட் கட்டடத் தொழில் அறிந்தவர். கிறித்தவத் தொண்டராக இந்தியாவுக்கு வந்தவர். ஓராண்டு அடிப்படை மருத்துவமும் பயின்றிருந்தார். குளிர்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய கொல்லிமலையில் மனைவியுடன் குடியேறினார். தாமே மரம் அறுத்து வீடு கட்டினார். மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு தச்சு வேலையும் கற்பித்தார். அன்னையார் எவலின் இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். மலையின் நிறங்களைத் தாளில் பிடிக்க முயன்றவர். தந்தையின் கைத்தொழிலும் தாயின் கண்ணும் மகனுக்கு வாய்த்தன என்று சொல்வது பொதுவான புகழ்ச்சியாகத் தோன்றலாம். பின்னர் நிகழ்ந்தவற்றைக் காணும்போது அது வெறும் புகழ்ச்சி அன்று என்பது விளங்கும்.

தொழுநோயை அவர் முதன்முதலில் கண்டதும் அம்மலையில்தான். ஒரு நாள் முன்பின் அறியாத மூவர் உதவி நாடி மேலேறி வந்தனர். பிள்ளைகளை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தந்தையார் கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். அன்னையார் கூடையில் உணவு வைத்தார். அவர்கள் இறங்கிச் சென்றபின் அந்தக் கூடை வீட்டுக்குள் எடுக்கப்படவில்லை, எரிக்கப்பட்டது. எந்த நோயாளியையும் தொட்டு மருந்திடத் தயங்காத தந்தை இவர்களிடம் மட்டும் கையுறை அணிந்தது ஏன் என்ற வினா சிறுவன் உள்ளத்தில் தங்கிவிட்டது.

1923-இல் ஒன்பது வயதுச் சிறுவனும் தங்கை கோனியும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையை மகன் மறுபடி காணவில்லை. 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் மலையிலேயே மறைந்தார். தந்திச் செய்தி முதலில் வந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த அவருடைய மடல்களோ, மறைவுச் செய்திக்குப் பின்னும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதிய அந்த மடல்களை, எழுதியவர் இல்லை என்று அறிந்த பின் படிக்க நேர்ந்தது பதினைந்து வயதுச் சிறுவனுக்கு.

பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் குறைவு. மருத்துவம் பயிலலாமே என்று உறவினர் கூறியபோது மறுத்தார். மலைவீட்டில் கண்ட சீழும் குருதியும் அவருக்கு அருவருப்பூட்டின. தந்தையைப் போலத் தொண்டராகிக் கட்டடம் கட்டுவதே தம் வழி என்று துணிந்து, கட்டடத் தொழிலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கல் அடுக்கினார், மரம் இழைத்தார், பொருத்துவாய் செதுக்கினார். சில ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பின்னர்த் தொண்டர்களுக்குரிய ஓராண்டு மருத்துவப் பயிற்சிக்குச் சென்றபோது, உயிர் பிரிந்தவர்போல் கிடந்த ஓர் இளம்பெண் குருதி ஏற்றப்பட்டதும் கண் விழித்ததை நேரில் கண்டார். அந்த இரவோடு அவர் மனம் திரும்பியது. இலண்டனில் முறையாக மருத்துவம் பயின்றார். குண்டுமழை பொழிந்த போர்க்காலத்தில் அறுவைப் பயிற்சி பெற்றார். 1943-இல் உடன் பயின்ற மார்கரெட் பெரியை மணந்தார். அந்த அம்மையாரும் பிற்காலத்தில் தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் தனிப் பெயர் பெற்றார்.

1946-ஆம் ஆண்டின் இறுதியில் பிராண்ட் வேலூர் வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்த காலம் அது. பெண்களுக்கு மட்டுமே மருத்துவம் கற்பித்த அக்கல்லூரி 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. பிராண்ட் வந்தது எலும்பு அறுவை கற்பிப்பதற்கு. தொழுநோய் அவர் திட்டத்தில் இல்லை.

அவரைத் திசை திருப்பியவர் தொழுநோய் மருத்துவ அறிஞர் இராபர்ட் காக்ரேன். 1947-இல் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்துக்குப் பிராண்டை அவர் அழைத்துச் சென்றார். சல்போன் மருந்துகள் வந்து, நூற்றாண்டுகளாகத் தீராத நோய் தீரத் தொடங்கியிருந்த நேரம். ஆனால் நோய் நீங்கியவரின் கை, மடங்கியது மடங்கியபடியே இருந்தது. விரல் குறுகியது குறுகியபடியே இருந்தது. இக்கைகள் ஏன் இப்படி ஆயின என்று பிராண்ட் கேட்டார். எலும்பு அறுவையாளர் எவரேனும் இதுவரை ஆராய்ந்திருக்கிறாரா என்பதே காக்ரேன் திருப்பித் தந்த கேள்வி. அன்று மடங்கிய கை ஒன்றைப் பற்றி, தம் கையை இறுகப் பிடிக்கும்படி ஒரு நோயாளியைப் பிராண்ட் கேட்டுக்கொண்டார். செயலற்றதென்று கருதிய அக்கை இடுக்கிபோல் பற்றியது. நகங்கள் பிராண்டின் உள்ளங்கையில் பதிந்து வலித்தன. வலிக்க வலிக்க அவருக்குப் பொருள் விளங்கிற்று. கை முழுவதும் செத்துவிடவில்லை. முன்கைத் தசைகள் வலுவோடு இருக்கின்றன. விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன.

அதன்பின் வந்த அறுவை முறை மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் வீங்கிச் செயலிழக்கின்றன. உயிருள்ள தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பூட்டினால் விரல் மீண்டும் நிமிரும். 1948 முதல் வேலூரில் இந்த அறுவைகள் நடந்தன. பொது மருத்துவமனையின் வார்டில் தொழுநோயாளரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு இருந்தமையால், வளாகத்தின் ஓரத்தில் மண்சுவர் அறை ஒன்றில் கை ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி 1952-இல் அவரை ஹண்டர் பெயரிலான சொற்பொழிவுக்கு அழைத்துப் பெருமைப்படுத்தியது.

கதை இங்கு முடிந்திருந்தால் பிராண்ட் ஒரு சிறந்த கைவினை அறுவையாளர் என்ற அளவில் நின்றிருப்பார்.

விரல்கள் நிமிர்ந்து மகிழ்ச்சியோடு விடைபெற்றுச் சென்ற ஓர் இளைஞர் சில காலம் கழித்து மெலிந்து திரும்பி வந்தார். புதிய கைகளைப் பற்றி மருத்துவர் வினவியபோது, இவை பிச்சைக்கு உதவாத கைகள் என்ற பொருள்பட அவர் முறையிட்டார். மடங்கிய கையைக் கண்டு இரங்கியோர் நிமிர்ந்த கையைக் கண்டு இரங்கவில்லை. நோயின் தழும்பு முகத்தில் இருந்ததால் வேலை கொடுப்பாரும் இல்லை. குடியிருக்க இடம் தருவாரும் இல்லை. அறுவை வெற்றி, அந்த வெற்றியால் அவர் பட்டினி கிடந்தார்.

தமிழில் கையை வைத்துப் பிறந்த சொற்கள் பல. கைத்தொழில் என்கிறோம், கைகொடுத்தல் என்கிறோம்; இரத்தலைக் கையேந்துதல் என்கிறோம். ஏந்திய கையைத் தொழில் செய்யும் கையாக்க அறுவைக்கூடத்தால் மட்டும் இயலாது என்பதை அந்த இளைஞரின் முறையீடு பிராண்டுக்கு உணர்த்தியது. 1951-இல் வேலூர்ப் பாகாயத்தில் இருந்த கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழுந்தது. மண்சுவரும் ஓலைக்கூரையுமாகச் சிற்றூர்க் குடிசைகள்போலவே அதை அமைத்தனர். பணப் பற்றாக்குறை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. மின்விசிறிக்கும் மெழுகிட்ட தரைக்கும் பழகியவர் தம் ஊருக்குத் திரும்ப மாட்டார். ஊரில் எப்படி வாழ வேண்டுமோ அப்படியே இங்கும் வாழ்ந்து, அந்த வாழ்க்கைக்கு வேண்டிய தொழிலைக் கற்றுச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகள் தாமே சமைத்தனர், தோட்டம் போட்டனர், அறுவைக்கு முன்னும் பின்னும் கைப்பயிற்சி பெற்றனர்.

நிலையத்தின் உயிர்நாடி தச்சுப் பட்டறை. அதன் முதல் ஆசிரியர் பிராண்டே. காலையில் தசைநாண் மாற்றிய கை, மாலையில் இழைப்புளி பிடித்தது. பல ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் கற்ற தொழில், மருத்துவரானபின் வீணாய்ப் போயிற்று என்று அவரே எண்ணியிருந்த தொழில், இப்போது பாடமாயிற்று. மரத்தைத் தேர்வது, கோடு போடுவது, வாளால் அறுப்பது, அரத்தால் தேய்ப்பது என்று படிப்படியாகக் கற்பித்தார். நிலையும் கதவும் செய்யும் பெரிய தச்சு வேலை இக்கைகளுக்கு ஏற்றதன்று. ஆகவே சிறு பொருள்களைத் தேர்ந்தனர். சக்கரம் வைத்த விலங்குகள், விளையாட்டு வண்டிகள், துண்டு துண்டாக அறுத்துப் பிள்ளைகள் இணைத்து மகிழும் மரப்படங்கள் என்று பொம்மைகள் உருவாயின.

பொம்மை செய்வது கலையா, கைத்தொழிலா என்று வாதிடுவோர் உண்டு. செட்டிநாட்டில் பிறந்தோர்க்கு இந்த வாதம் தேவையற்றது. பர்மாத் தேக்கில் இழைத்த நிலைக்கதவின் முன் நின்று, இது தச்சனின் வேலையா சிற்பியின் வேலையா என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மரப்பாச்சியையும் சொப்பையும் கையில் எடுத்த குழந்தை முதலில் காணும் கலை அதுவே. இன்னொன்றும் கருதத்தக்கது. தொழுநோயாளன் தொட்ட கூடையைக் கொளுத்திய உலகத்துக்கு, அவன் கையால் செய்த பொம்மையைத் தன் குழந்தையிடம் கொடு என்று கேட்பது எளிய வேண்டுகோள் அன்று. மருந்தால் தொற்று நீங்கியவர் செய்த பொருளால் கேடில்லை என்று மருத்துவர் எடுத்துரைக்கலாம். நம்புவது பொம்மை வாங்கும் தாயின் உள்ளம். நவஜீவ நிலையத்தின் பொம்மைகள் விற்றபோதெல்லாம் அந்த அச்சம் சிறிதளவு கரைந்தது என்று கொள்வதில் தவறில்லை.

நோயாளியின் கையில் கலைக் கருவியைத் தரும் எண்ணம் அக்காலத்தில் பிற இடங்களிலும் முளைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர் 1938-இல் காசநோயால் மிட்ஹர்ஸ்ட் நலவாழ்வு இல்லத்தில் படுத்தார். படுக்கையிலிருந்து கண்ணுக்கு எட்டிய பொருள்களை வரைந்து தம் நாள்களைக் கடத்தியவர், பின்னர் உடனிருந்த நோயாளிகளுக்கும் போரில் காயமுற்ற வீரர்களுக்கும் வரையக் கற்பித்தார். கலை மருத்துவம் என்ற பெயரை 1942-இல் வழங்கியவரும் அவரே. இந்தியாவில் அதே ஆண்டுகளில் பாபா ஆம்தே வரோராவை அடுத்துத் தொழுநோயாளரைக் கொண்டே ஆனந்தவனத்தை உருவாக்கத் தொடங்கியிருந்தார். ஹில் நாடியது நோயாளியின் மனச்சோர்வு நீங்குவதை. ஆம்தே நாடியது உழைப்பால் வரும் தன்மானத்தை. பிராண்ட் இவ்விரண்டையும் வேண்டினார். ஆனால் அவருடைய பட்டறை எவரும் எதிர்பாராத மூன்றாவது ஒன்றைத் தந்தது.

தொழுநோய் வந்தால் சதை தானே அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. மருத்துவர் பலரும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினர். இந்தச் சதை கெட்ட சதை, புண் வந்தால் ஆறாது என்று நூல்களும் கைவிரித்தன. பிராண்டுக்கு ஐயம் இருந்தது. அறுவை செய்த கைகள் மற்றவர் கைகளைப் போலவே ஆறுவதை அவர் கண்டிருந்தார். கெட்ட சதையாயின் எங்ஙனம் ஆறும்?

பட்டறையில் வேலை தொடங்கிய சில நாள்களில் இளைஞர்களின் கைகளில் புண்கள் தோன்றின. வெற்றியாய் முடிந்த அறுவை இப்படிக் கெடுகிறதே என்ற கவலை எழுந்தது. பட்டறையை மூடிவிடுவது ஒரு வழி. எச்சரிக்கையான மருத்துவர் அதையே செய்திருப்பார். பிராண்ட் மூடவில்லை. ஒவ்வொருவர் கையையும் நாள்தோறும் பார்த்து, எந்தப் புண் எங்கே வந்தது, எதனால் வந்தது என்று துப்பறிவாளர்போல் ஆராய்ந்து குறித்தார். வேலை செய்பவர் எந்தக் கருவியை எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று நோக்கினார். காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. சுத்தியலின் பிடியில் சிலாம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்தவருக்கு அது தெரியாது. கருவியை எவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டும் என்று உணர்த்தும் தொடு உணர்வு இல்லாமையால், தேவைக்குப் பன்மடங்கு அழுத்திப் பிடிப்பர். தோல் கன்றிக் கொப்புளிக்கும். கொப்புளம் வலிக்காததால் மறுநாளும் அதே இடத்தில் அதே அழுத்தம். சமையலில் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றி இறக்குவர். விளக்கின் சூடான திரியை விரலால் திருத்துவர்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றில் சாவியைத் திருப்ப முயன்று பிராண்ட் களைத்து நின்றார். அருகில் வந்த மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். வியப்போடு அவன் விரலைப் பார்த்தபோது குருதி சொட்டிக்கொண்டிருந்தது. சாவியின் விளிம்பு சதையைக் கிழித்து எலும்பு வரை இறங்கியிருந்தது. சிறுவன் முகத்திலோ உதவி செய்த மகிழ்ச்சி. வளர்ந்த மனிதர் திருப்ப முடியாத சாவியை அவன் திருப்பியது வலிமையால் அன்று. போதும் நிறுத்து என்று சொல்லும் வலி அவனுக்கு இல்லை.

இருந்தும் சில இழப்புகளுக்கு விடை கிடைக்கவில்லை. இரவு படுக்கும்போது முழுமையாய் இருந்த விரலின் நுனி காலையில் காணாமற்போயிற்று. கருவியும் இல்லை, நெருப்பும் இல்லை. பழைய நம்பிக்கையே மெய்தானோ என்று ஐயுறும் நிலை. இரவில் விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது புலப்பட்டது: எலிகள் வந்து உணர்வற்ற விரலைக் கடிக்கின்றன, உறங்குபவர் அசைவதில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் அரிதாகக் காணும் தீர்வு ஒன்று உடனே நடைமுறைக்கு வந்தது. நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. ஊர் திரும்பியோர் ஆளுக்கொரு பூனையையும் உடன் கொண்டு சென்றனர்.

விரலைத் தின்றது நோயன்று, வலியின்மையே என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்தது இவ்வாறுதான். ஆய்வுக்கூடத்தின் உருப்பெருக்கி வழியாக மட்டும் பார்த்திருந்தால் இது விளங்கியிருக்காது. நோயாளி கட்டிலில் படுத்திருக்கும் வரை அவர் கை எப்படி அழிகிறதென்று தெரிய வழியில்லை. அவர் எழுந்து ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும்போதுதான் அழிவு கண்ணுக்குத் தெரிகிறது. மறுவாழ்வுக்கென்று தொடங்கிய பட்டறை நோயின் மறைபொருளை அவிழ்த்த களமாயிற்று. பிராண்டின் வாழ்வில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றில்லை. தசைநாண் மாற்றும் அறுவையும் இதற்கு அடுத்ததே.

காரணம் தெரிந்தபின் மாற்று வழிகள் எளியனவாகவே இருந்தன. கருவிகளுக்கு வழவழப்பான பருத்த மரப்பிடிகள் பொருத்தப்பட்டன. அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் உள்ளங்கை முழுதும் பரவிற்று. சூடான ஏனங்களுக்கு மரக் கைப்பிடி வந்தது. கையால் உணர முடியாததைக் கண்ணால் காணுங்கள் என்பது விதியாயிற்று. நாள்தோறும் கையையும் காலையும் தாமே சோதித்துச் சிவந்த இடத்தைக் கண்டால் அன்றே ஓய்வு தர வேண்டும். காயம்பட்ட விரலுக்கு மாவுக்கட்டு இட்டு அசைவை நிறுத்தினால் கெட்ட சதை எனப்பட்டது நல்ல சதைபோலவே ஆறிற்று. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு இடும் முறையை 1930-களிலேயே கையாண்டவர் இலங்கைத் தமிழரான அறுவை மருத்துவர் மில்ராய் பால். அம்முறையை ஏற்று வளர்த்த பிராண்ட், நுண்ணறை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்புகளையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுத் தொழுநோய் மையங்களில் எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குவது அதுவே.

கை நிமிர்ந்தாலும் முகம் காட்டிக்கொடுத்தது. புருவ மயிர் உதிர்ந்து மூக்குத் தாழ்ந்த முகத்தோடு ஊர் திரும்ப இயலாது. தலைத் தோலிலிருந்து மயிருள்ள பகுதியை எடுத்துப் புருவமாகப் பதித்தனர். சிலர் அந்தப் புதிய புருவத்தைக் கத்தரிக்க மனமின்றி நீள வளர்த்துப் பெருமையோடு உலவினர் என்பர். முகச் சீரமைப்பில் பிராண்டுக்குத் துணை நின்றவர்களுள் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இம்மருத்துவரை, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்யலாம் என்று ஊக்கியவர் பிராண்ட். நோயாளிகளின் முன் அவரும் ஒரு நோயாளியாக அமர்ந்து கத்தி பிடித்தார். பிற்காலத்தில் வேலூர் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவராய் விளங்கினார்.

நவஜீவ நிலையம் எல்லார்க்கும் விடையாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்குத் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள், நாட்டில் அன்றிருந்த தொழுநோயாளரின் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிலர். தொழில் கற்றும் ஊர் ஏற்காமையால் திரும்பியவர் இருந்தனர். பொம்மை விற்று ஒரு குடும்பம் பிழைப்பதென்பதும் எளிதன்று. கற்றவர் தம் ஊரில் தச்சராக நிலைப்பதற்கு மரபுவழித் தச்சர்களின் போட்டியும் இருந்தது. பிராண்டைப் பற்றிய ஆங்கில நூல்கள், அவருள் 1965-இல் வெளிவந்த டாரதி கிளார்க் வில்சனின் வரலாறு உட்பட, தொண்டின் ஒளியை மிகுதியாகவும் இந்த இடர்ப்பாடுகளைக் குறைவாகவும் காட்டுகின்றன. அவர் கை திருத்திய மனிதர்கள் அந்த ஒளியில் சற்றே நிழலாகி விடுகின்றனர். தம் புண்களை நாள்தோறும் காட்டி, கேள்விகளுக்குப் பொறுமையாக விடையளித்து, கருவியின் பிடியை மாற்றி மாற்றிச் சோதித்துச் சொன்ன அந்த இளைஞர்கள் ஆராய்ச்சியின் பொருள் மட்டும் அல்லர்; பங்காளிகள்.

வேலூரை அடுத்த கரிகிரியில் ஷிபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் திறக்கப்பட்டபின் பணி அங்கு விரிந்தது. வெளிநாட்டு அறுவையாளர்கள் பலர் கரிகிரிக்கு வந்து கற்றுச் சென்றனர். 1960-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் விருதும் பிராண்டைத் தேடி வந்தன. அன்னையார் எவலினோ மகனின் புகழ் நிழலில் ஒதுங்கவில்லை. தொண்டமைப்பு ஓய்வு தந்தபின் தம் பொறுப்பில் கொல்லிமலைக்கே திரும்பி, மலைக்கு மலை குதிரையில் சென்று உழைத்து, 95 வயதில், 1974-இல் காலமானார். மலைமேல் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்குச் சென்றார். அங்கே கருவிகளும் பணமும் நிறைந்திருந்தன. பாதத்தின் எந்தப் புள்ளியில் எவ்வளவு அழுத்தம் விழுகிறதென்று அளக்கும் பொறிகளை உருவாக்கினார். வலி உணராதோர்க்குச் செயற்கையாக வலியை உணர்த்தும் கையுறை ஒன்றைச் செய்ய அவரும் உடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் முயன்றனர். கருவி ஒலித்தாலும் விளக்கு எரிந்தாலும், செய்து முடிக்க வேண்டிய வேலை இருந்தால் அணிந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. துருப்பிடித்த பூட்டைத் திறந்த சிறுவனை அவர்கள் நினைவூட்டினர்.

கார்வில்லில் இருந்தபோது வேறொரு கூட்டத்தார் அவரை நாடினர். நீரிழிவால் கால் உணர்விழந்து, புண் ஆறாது, காலை வெட்டும் நிலைக்கு வந்தவர்கள் அவர்கள். கெட்ட சதை, குருதியோட்டம் போதாது என்றே அவர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது. பிராண்ட் அவர்களின் பாதங்களில் வேலூர்ப் பட்டறையில் கண்ட அதே கொப்புளங்களையும் அதே அழுத்தப் புள்ளிகளையும் கண்டார். மாவுக்கட்டு இட்டுப் பாதத்துக்கு ஓய்வு தந்ததும் புண்கள் ஆறின. நீரிழிவு மருத்துவர்கள் கார்வில்லுக்கு வந்து இந்த முறையைக் கற்றனர். அவர் 1986-இல் பணி ஓய்வு பெற்றார். சியாட்டில் நகரில் வாழ்ந்து, 89-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னர், 2003 சூலை 8-ஆம் நாள் மறைந்தார்.

இன்று மதுரையிலோ காரைக்குடியிலோ நீரிழிவுக்கு மருந்து வாங்கச் செல்பவருக்கு, நாள்தோறும் உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், சிவப்போ கொப்புளமோ கண்டால் அன்றே வாருங்கள் என்று சொல்லி அனுப்புகின்றனர். மரப்பொம்மை செய்துகொண்டிருந்த வேலூர் இளைஞர்களுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த விதிகள் அவை.